மல்லிகை இல்லாத ஒரு கல்யாணம்

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் ஒரு பெண் துணிப்பூக்களுக்கு சென்ட் அடித்துக்கொண்டிருந்தாள். கையில் சின்ன சீசா. ரோஜாவுக்கு இரண்டு பீச்சு, லில்லிக்கு இரண்டு பீச்சு. இரண்டுக்கும் அடித்தது மல்லிகை வாசம்.

"ஏம்மா, லில்லிக்கு எதுக்கு மல்லி வாசம்?" என்று கேட்டேன்.

"மணம் இல்லன்னா கல்யாண வீடு மாதிரியே இருக்காது ஆன்ட்டி," என்றாள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் தும்மித் தும்மி, நாற்காலியை மூன்று தடவை பின்னுக்கு இழுத்துப் போட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேச்சுக் கொடுத்ததில் நான் அதே தொழிலில் இருந்தவள் என்று தெரிந்துகொண்டாள். பூ அலங்காரம் சொல்லித் தரும் வகுப்பு ஒன்றில் படிக்கிறாளாம். அவர்கள் போடப் போகும் ஆண்டு மலருக்கு நான் என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "படிக்கிறவங்களுக்கு ஒரு உற்சாகம் வர்ற மாதிரி எழுதுங்க ஆன்ட்டி." உற்சாகத்துக்கு நான் பொறுப்பில்லை. இருபத்தாறு வருடம் பூவோடும் பூ கேட்டு வந்தவர்களோடும் மாரடித்திருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன். அச்சுப் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் பெயர் பிலோமினா. வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, முப்பத்தோரு வயதில், பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் அலங்காரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். என் கைத்திறமையைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம். காயல்பட்டினத்துப் பெரிய வீடுகளில் கல்யாணம் என்றால் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் வெளி ஆண்கள் போக முடியாது. உள்ளே போய்ப் பூ வைக்க அவருக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். மாதா கோயில் பீடத்துக்குப் பூ வைத்த பழக்கம் எனக்கு இருந்தது. அவ்வளவுதான் தகுதி. முதல் வருடம் முழுக்க வாளி கழுவினேன், காம்பு நறுக்கினேன், நாரில் கட்டினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணாச்சியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வாயைத் திறந்து பேசினால் ஏதோ குறைந்துபோகும் என்பது போல இருப்பார். காலையெல்லாம் முதுகு ஒடிய நின்று ஒரு ஜாடியை ஒழுங்கு செய்து வைத்திருப்பேன். வருவார். ஜாடிக்கு முன்னால் நிற்பார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார். ஒரு பூவை உருவி என் கையில் கொடுப்பார். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கொத்து இலை.

"ஏன் அண்ணாச்சி எடுக்கிய?"

"எடுத்தாச்சுல்லா. இப்ப பாரு."

பார்ப்பேன். முன்பைவிட நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இத்தனை வருடத்தில் நான் வைத்ததில் அவர் ஒரு பூவைக் கூடுதலாகச் சேர்த்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு முறை உண்டு. ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் முதலில் வெறுங்கையோடு போய் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே யார் அதிக நேரம் உட்காரப் போகிறாரோ, அவருடைய நாற்காலியில் போய் உட்கார வேண்டும். எதிரே யார் வருவார்கள், கண்மட்டத்தில் என்ன நிற்கும் என்று பார்க்க வேண்டும். பிறகு எழுந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர் வேட்டி நுனியைப் பிடித்துப் பார்ப்பார், நான் முந்தானையைப் பிடித்துப் பார்ப்பேன். மின்விசிறி எங்கே இருக்கிறது, எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எல்லாம் முடிந்த பிறகு அந்த இடத்தைக் கூட்டப் போகிறவர் யார். கூட்டுகிறவரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவார். என்ன பூ என்கிற கேள்வி கடைசியில்தான். வாடிக்கைக்காரர்களுக்கோ முதல் கேள்வியே எத்தனை கூடை என்பதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தது நான்.

ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன். மேனேஜர் கொஞ்சம் குள்ளம். தன் மேஜையில் தினமும் பெரிய ஜாடி நிறைய ரோஜா வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வைத்தோம். எதிரே உட்கார்ந்தவர்களுக்கு ரோஜா தெரிந்தது, மேனேஜர் தெரியவில்லை. ஒருநாள் ஒரு வெளிநாட்டுக் கப்பலின் கேப்டன் வந்தார். இரண்டு நிமிடம் ரோஜாவோடு பேசிப் பார்த்துவிட்டு, ஜாடியை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்துவிட்டு மேற்கொண்டு பேசினாராம். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுக் குதித்தார். அண்ணாச்சி ஜாடியையே எடுத்துவிட்டு, ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, மூன்று செம்பருத்தியைக் கிடத்தினார்.

"இது என்னவே, அபிஷேகத் தட்டா?" என்று மேனேஜர் கத்தினார்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு ஆள் அனுப்பினார், தட்டு அப்படியே இருக்கட்டும் என்று. எங்களைத் திட்டியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. இப்படித்தான் எல்லாரும்.

அண்ணாச்சி எனக்குப் போட்ட கட்டளை ஒன்று உண்டு. வீட்டுக்காரர்கள் ஒரு பூ வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். "காரணம் கேக்காத. தெரிஞ்சா உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டிருவ," என்பார். சாயர்புரத்துப் பெண்ணின் கல்யாணத்தில் அந்தக் கட்டளையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. நான் கேட்காமலே காரணம் என்னிடம் வந்து சேர்ந்தது.

பெண்ணின் பெயர் கிரேஸ். பள்ளிக்கூட டீச்சர். அவள் அப்பாவும் வாத்தியார்தான். மாப்பிள்ளை டேவிட், தூத்துக்குடியில் துறைமுகச் சரக்கை விடுவிக்கும் கிளியரிங் ஏஜெண்ட் குடும்பம். சனிக்கிழமை காலையில் கோயிலில் கல்யாணம், சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய முற்றத்தில் வரவேற்பு. அலங்காரம், மாலை, பெண் கையில் பிடிக்கும் பூச்செண்டு எல்லாம் எங்கள் பொறுப்பு. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், செண்டு எப்படி இருக்கும் என்று பார்க்க கிரேஸ் தனியாகப் பஸ் ஏறிக் கடைக்கு வந்தாள்.

அப்போதுதான் தோவாளைச் சந்தைப் பூ வந்து இறங்கியிருந்தது. சம்பங்கி இரண்டு வாளி, மல்லிகை ஒரு கூடை. அவளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து கதவைப் பிடித்தாள். பிறகு வெளியே போய்விட்டாள். மயக்கம் என்று நினைத்துப் பின்னால் ஓடினேன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம். என் மாமியாரிடம் வருடக்கணக்காகக் கேட்ட சத்தம் அது.

"இளைப்பா?" என்றேன்.

தலையை ஆட்டினாள். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். பேச்சு வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

"மல்லி, சம்பங்கி, ஊதுபத்தி ஒண்ணும் ஆவாதுக்கா. தலையில பூ வச்சி ஏழு வருசமாச்சு. இதச் சொல்லித்தான் ரெண்டு எடம் தட்டிப் போச்சு. இந்த எடத்துல யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அப்பா பைபிள்ல கைய வச்சி சத்தியம் வாங்கிட்டாங்க."

"கட்டிக்கப் போறவருகிட்டயாவது சொல்ல வேண்டாமாளா?"

"சொல்லுதேன்னுதான் நின்னேன். அப்பா மூணு நாள் சாப்பிடல."

"அப்போ எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லுத?"

"நீங்கதான மால கட்டப் போறிய. பூக்காரங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வாத்தியார் மேல் கோபம். இளைப்பு என்றதும் எழுந்து போன இரண்டு வீட்டார் மேல் கோபம். எல்லாவற்றையும் என் தலையில் இறக்கிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற இந்தப் பெண் மேலும் கோபம். அந்த விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் மறைத்தது சரி என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் கழுத்தில் சம்பங்கி மாலையைப் போட்டு மூன்று மணி நேரம் நிறுத்தினால் அவள் மேடையிலேயே விழுவாள். அது பூ சம்பந்தப்பட்டது. அதனால் என் வேலை.

மறுநாள் நானும் அண்ணாச்சியும் மாப்பிள்ளை வீட்டுக்கு இடம் பார்க்கப் போனோம். மாப்பிள்ளையின் அம்மா எஸ்தரம்மா வாசலிலேயே நின்றார்கள். நல்ல உயரம், கணீரென்ற குரல், கொண்டையைச் சுற்றி மல்லிகை. வீட்டுப் பக்கவாட்டில் அவர்களே வளர்த்த மல்லிகைக் கொடி ஒரு பெரிய பந்தல் நிறையப் படர்ந்திருந்தது. முற்றத்தின் கிழக்குக் கோடியில் மேடை, மேடை முழுக்க மல்லிகைச் சரம், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பங்கி மாலை என்று விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

நான் கிழக்குக் கோடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கச்சான் காற்று தொடங்கிவிட்ட நேரம். மேற்கேயிருந்து அனலாக அடித்து நேரே என் முகத்தில் மோதியது. வருகிற பெண்கள் அத்தனை பேர் தலையிலும் மல்லிகை இருக்கும். அந்த வாசம் முழுவதும் கிரேஸ் மூக்குக்குத்தான் வரும். மேடையை மேற்கே போட்டு, முதுகுப் பக்கம் இடைவெளி விட்டுப் பின்னிய பனையோலைத் தட்டி வைத்தால், காற்று அவள் பின்னாலிருந்து வந்து வாசத்தை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும்.

"கிழக்க உக்கார வச்சா சாயங்கால வெயில் நேரா கண்ணுல குத்தும்மா. போட்டோவுல ரெண்டு பேரும் கண்ண மூடிட்டு இருப்பாவ," என்றேன். அதுவும் பொய்யில்லை. போட்டோ என்றதும் எஸ்தரம்மா ஒப்புக்கொண்டார்கள்.

கடைக்குத் திரும்பியதும் பட்டியல் எழுதி அண்ணாச்சியிடம் நீட்டினேன். வெள்ளைக் காகிதப்பூ, வெள்ளை வாடாமல்லி, தென்னங்குருத்து, குரோட்டன்ஸ் இலை, செண்டுக்கு அடுக்கு நந்தியாவட்டை, மாலைக்கு மட்டும் பன்னீர் ரோஜா. அவர் இரண்டு தடவை படித்தார்.

"மல்லி எங்க? சம்பங்கி எங்க? கிளியரிங் ஏஜெண்ட் வீட்டுக் கல்யாணத்துக்குக் காகிதப்பூவா?"

"காரணம் கேக்காதீங்க அண்ணாச்சி. நீங்கதான அப்படிச் சொல்லியிருக்கிய."

என் முகத்தையே பார்த்தார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் பன்னீர் ரோஜாவை அடித்தார்.

"அப்போ இது மட்டும் எதுக்கு? எடு."

அன்று மாலையே எஸ்தரம்மா வீட்டுக்குப் போய், கச்சான் காற்றில் மல்லிகை இரண்டு மணி நேரத்தில் கருத்துவிடும், கருத்த பூவுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களுக்கு அரை மனசுதான்.

நந்தியாவட்டை சந்தையில் கிடைக்கும் பூ இல்லை. சனிக்கிழமை விடிந்ததும் நானே தெருத் தெருவாகப் போய்ப் பறித்தேன். கதவைத் தட்டிக் கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: "கண்ணு நோவா?" கண்வலிக்கு மருந்தாகத்தான் அதைப் பறிப்பார்கள். கல்யாணத்துக்கு என்றால் சிரித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இருந்ததை மட்டும் தொடவில்லை. அந்தப் பூவின் காம்பில் பால் வடியும். வெள்ளைச் சேலையில் பட்டால் கறை. ஒவ்வொரு காம்பையும் நறுக்கி, வெந்நீரில் ஒரு நொடி முக்கி, வாளித் தண்ணீரில் கழுவித்தான் செண்டு கட்டினேன். செண்டு நன்றாக வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை ரோஜா என்றே தோன்றும். அண்ணாச்சி அதிலிருந்து ஒரு பூவையும் எடுக்கவில்லை.

காலையில் கோயிலில் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. சாயங்காலம் நாலரை மணி. மாப்பிள்ளை வீட்டு உள்ளறையில் கிரேஸுக்குத் தலையில் போடும் வலைத்துணி நெட்டைக் குத்திவிட்டுக்கொண்டிருந்தேன். எஸ்தரம்மா வாழையிலைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்கள். பிரித்தார்கள். அறை முழுக்க வாசம்.

"ஏழு முழம். நம்ம பந்தல்ல பூத்தது, எங்கையால கட்டுனது. எம்மருமவ தலையில நானே வைக்கணும்."

கிரேஸ் தலையைக் குனிந்து கொடுத்தாள். பட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"குடுங்கம்மா, கொஞ்சம் வாடியிருக்கு. தண்ணி தெளிச்சுத் தாரேன்," என்று சரத்தைக் கையில் வாங்கினேன். செண்டில் வாடியதை மாற்றுவதற்காக நந்தியாவட்டைக் காம்பு கழுவிய வாளி ஓரத்தில் இருந்தது. பால் கலந்து வெளுத்த தண்ணீர். ஏழு முழத்தையும் அதற்குள் போட்டு, மேலே மிதக்காமல் உள்ளங்கையால் அமுக்கினேன்.

"கை தவறிட்டும்மா."

எஸ்தரம்மா போட்ட சத்தத்தில் முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? விடியக்காலத்துலேருந்து உக்காந்து கட்டுனேன்! யாருவே இந்தப் பொம்பளையக் கூட்டிட்டு வந்தது?"

அண்ணாச்சி வந்தார். வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எஸ்தரம்மாவைக் கைகூப்பிக் கும்பிட்டு, "தப்புதாம்மா," என்றார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் என்னிடம், "நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்," என்றார்.

வரவேற்பு நடந்தது. மணமில்லாத கல்யாண வீடு என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். கிரேஸ் மூன்று மணி நேரம் வாடாமல்லி மாலையோடு நின்றாள், சிரித்தாள், போட்டோ எடுத்துக்கொண்டாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து அழுதேன். என்ன நடந்தது என்று வீட்டுக்காரர் கேட்டார். அவரிடமும் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை துணி துவைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி சைக்கிளை வாசலில் நிறுத்தினார்.

"நேத்து ஏன் வரல?"

"நீங்கதான வர வேண்டாம்னு சொன்னிய?"

"நாளைக்கு வர வேண்டாம்னு சொன்னேன். நாளைக்கு ஞாயித்துக்கிழம. ஞாயித்துக்கிழம நீ என்னைக்கு வந்திருக்க?"

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஒரு மனிதரை எதைக் கொண்டு அடிப்பது என்று கையில் எதுவும் கிடைக்காமல் நின்றேன். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு கிளியரிங் ஏஜெண்ட் வீடுகளிலிருந்து எங்களை யாரும் கூப்பிடவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழிந்தது. கிரேஸுக்குப் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம். வீட்டுக்குப் பூ வைக்க வேண்டும் என்று எஸ்தரம்மா ஆள் அனுப்பியிருந்தார்கள். "அந்தப் பொம்பளையவே அனுப்பணுமாம்," என்று அண்ணாச்சி சொன்னார். என்ன திட்டு மிச்சம் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கேட்டைத் திறந்ததும் ஏதோ வெறிச்சென்று இருந்தது. பக்கவாட்டில் மல்லிகைப் பந்தலைக் காணோம். அந்த இடத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக நின்றன. எஸ்தரம்மா வெளியே வந்தார்கள். கொண்டையில் ஒரு பூ இல்லை.

"என்ன முழிக்க? பந்தலத் தேடுதியா? வெட்டியாச்சு."

கேட்டைச் சாத்தினேன்.

"கல்யாணமாகி நாலாம் நாள், விடியக்காலம், அடுக்களையில சுவரப் புடிச்சிட்டு நிக்கா எம்மருமவ. நெஞ்சு அப்படி இழுக்கு. வெளிய பந்தல் நிறையப் பூத்துக் கெடக்கு. அப்பதான் எனக்கு எல்லாம் வெளங்கிச்சு. அந்த வாத்தியாரு, நீ, அந்தப் பொன்னுலிங்கம், எல்லாரும் சேந்து என்னிய ஏமாத்தியிருக்கிய."

"அண்ணாச்சிக்குத் தெரியாதும்மா. நான் அவருகிட்டச் சொல்லவே இல்ல."

"தெரியாதாக்கும்! வாசல்ல தெளிக்கிறதுக்கு வச்சிருந்த பன்னீர்ச் செம்ப யாரு எடுத்து ஒளிச்சு வச்சது? அந்த ஆளுதான். மறுநாள் கோழிக்கூட்டுலேருந்து எடுத்தேன்."

அது எனக்கே புதுச் செய்தி.

"நான் தலையில பூ வச்சு ரெண்டு வருசமாச்சு. பூ வச்சிட்டு அவ பக்கத்துல போவ முடியுமா? கோயில்ல எல்லாரும் என்ன என்னன்னு கேக்காவ. ஆளுக்கு ஒரு பதில் சொல்லிட்டுத் திரியுதேன்." குரல் ஏறிக்கொண்டே போனது. "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லக் கூடாதாளா? ஏழு முழத்தையும் அழுக்குத் தண்ணியில போட்டு அமுக்குனியே!"

எனக்கும் பொறுமை போய்விட்டது. "சொல்லியிருந்தா கல்யாணம் நடந்திருக்குமாம்மா?" என்று கேட்டேன்.

எஸ்தரம்மா யோசித்தார்கள். கை தானாகப் பின்னால் போய் வெறும் கொண்டையைத் தடவியது. உள்ளே குழந்தை சிணுங்கியது. கிரேஸ் ஏதோ பாடித் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நடந்திருக்காது," என்றார்கள். "நிறுத்தியிருப்பேன். நிச்சயமா நிறுத்தியிருப்பேன்."

பழையபடி குரலை உயர்த்தினார்கள்.

"அதுக்காக? சொல்லாம இருந்துருவியளோ?"

உள்ளே போய் வேலையைப் பார்த்தேன்.